அம்மா வைத்த மரத்தக்காளி

சமவெளியிலிருந்து எங்கள் இல்லத்திற்கு விருந்தாக வரும் சகோதரர்களில் பெரும்பாலோர், தால்சாவை முதற் கவளம் உண்டதும் சற்றே நிமிர்ந்து பார்ப்பர். “இது புளியும் அன்று, மாங்காயும் அன்று, என்ன சேர்த்தீர்கள்?” என்று வினவுவர். அடுப்பங்கரையின் பின்வாசலைத் திறந்து நான் அவர்களுக்கு ஒரு மரத்தைக் காட்டுவது வழக்கம். மனிதனின் முகத்தளவு அகன்ற, நெஞ்சு வடிவ இலைகள். அவற்றின் கீழே நீண்ட காம்பில் முட்டை வடிவாய்த் தொங்கும் செந்நிறக் கனிகள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இதனை மரத்தக்காளி என்பர். உலகச் சந்தையில் இதன் பெயர் டமரில்லோ.

இப்பெயர் அண்மையில் சூட்டப்பட்டதே. ஆண்டிஸ் மலைத்தொடரின் சரிவுகள் இதன் தாயகம். எக்குவடோர், பெரு முதலிய நாடுகளின் மக்கள் இன்றும் தம் மொழியில் ‘மரத்தின் தக்காளி’ என்றே இதனை அழைக்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆசியாவிலிருந்து நியூசிலாந்து சென்ற இம்மரம் அங்கே வணிகப் பயிராயிற்று. 1920களில் ஆக்லாந்து நகரத்து நாற்றங்கால்காரர் ஒருவர் சிவப்புக் கனி வகையைத் தேர்ந்து பெருக்கினார். சாதாரணத் தக்காளியோடு மக்கள் குழப்பிக் கொள்வதைத் தவிர்க்க எண்ணிய அந்நாட்டு விவசாயிகள் 1967ஆம் ஆண்டில் டமரில்லோ என்னும் புதுப்பெயரைப் படைத்தனர். பெயரை மாற்றிவிட்டால் பண்டத்தின் மதிப்பும் உயரும் என்பதை வணிகர்கள் நன்கறிவர் போலும்! நம் மலைகளிலோ அது இன்னும் மரத்தக்காளியாகவே வேலியோரத்தில் நிற்கிறது.

எங்கள் வீட்டு மரம் என் அம்மா வைத்தது. நான் மதரஸாப் பணியின் பொருட்டுக் குடும்பத்துடன் குன்னூருக்கு வந்தபோது, திண்டுக்கல் வெயிலில் வாழ்ந்து பழகிய அம்மாவுக்கு இக்குளிர் உடன்படவில்லை. முதல் ஓராண்டு அவர்கள் இவ்வூரைக் குறை கூறாத நாளில்லை. 2012ஆம் ஆண்டில் ஒரு நாள், சந்தையில் வாங்கிய கனி ஒன்றை அறுத்துச் சுவைத்துவிட்டு, அதன் விதைகளைச் சாம்பலில் புரட்டித் தாளில் உலர்த்தினார்கள். முளைக்க மூன்று வாரங்கள் ஆயின. (விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு நாள் வைத்தெடுத்து விதைத்தால் விரைவில் முளைக்கும் என்பதை நான் பின்னரே கற்றேன்.) ஒரு சாண் உயர்ந்த நாற்றுகளில் ஒன்றைப் பின்வாசலருகே நட்டார்கள். அதன் பிறகு ஊரைப் பற்றிய முறையீடு குறைந்தது. அஸர் தொழுகைக்குப் பின் அம்மாவைத் தேட வேண்டுமாயின் அம்மரத்தடியில்தான் தேட வேண்டும்.

வளர்ப்பு முறையில் கடினம் ஏதுமில்லை. கவனம் மட்டும் இரண்டு இடங்களில் தேவை. முதலாவது நீர். இம்மரத்தின் வேர்கள் மேலோட்டமானவை. கோடையில் மண் காய்ந்தால் இலைகள் உடனே துவண்டுவிடும்; ஆகவே வாரத்தில் இருமுறையேனும் நீர் ஊற்றி, தூரைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்புதல் வேண்டும். அதே வேர்கள் தேங்கிய நீரில் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்குவதில்லை. எனவே மேட்டுப்பாங்கான இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது காற்று. தண்டு பார்ப்பதற்கு மரம்போல் தோன்றினும் உண்மையில் முறியும் இயல்புடையது. காய்ச் சுமையோடு பெருங்காற்று வந்தால் கிளை பிளந்து தொங்கும். சுவரோரமோ வேலியின் மறைவோ நன்று. தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் ஒரு முட்டுக்கால் நடுவது இன்னும் நன்று.

விதையிலிருந்து வளர்ந்த மரம் ஆளுயரம் வரை ஒற்றைத் தண்டாய் நெடுநெடுவென்று போகும். மூன்றடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் கிளைத்து, கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். அம்மா அதற்கு ஒப்பவில்லை, “வளர்கிற பிள்ளையின் தலையை எவராவது கிள்ளுவார்களா?” என்று தடுத்துவிட்டார்கள். அதன் பயனாய் நாங்கள் நாற்காலி போட்டுக் கனி பறித்தோம்.

நட்டு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பூக்கும். இளஞ்சிவப்பு கலந்த வெண்மலர்கள். மெல்லிய நறுமணமும் உண்டு. தன் மகரந்தத்தாலேயே காய்க்கவல்லது. எனினும் தேனீக்கள் வந்து மலரை அசைத்தால் பிடிப்பு மிகுதி. பூவிலிருந்து கனி பழுக்க ஐந்தாறு மாதம் செல்லும். புதிய தளிர்க்கிளைகளிலேயே பூ வருவதால், காய்ப்பு முடிந்ததும் பழைய கிளைகளைக் கழித்துவிட வேண்டும். செழித்த மரமொன்று ஓராண்டில் இருபது கிலோ வரை தரும். அசுவினிப் பூச்சியும் இலைகளில் வெண்பொடி தூவினாற்போல் படியும் சாம்பல் நோயும் இதற்குப் பகை. அசுவினியை அற்பமாகக் கருதலாகாது. இலையில் மஞ்சளும் பச்சையுமாய்த் தேமல் போடும் நச்சுயிரியை ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது அதுவே. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைத்த நீரில் கலந்து தெளிப்பது எங்கள் வழக்கம்.

சமையலில் கவனிக்க வேண்டியது தோல் ஒன்றே, அது கசக்கும். கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டெடுத்தால் எளிதில் உரிந்துவிடும். நன்கு பழுக்காத காயும் கசப்பே. பறிப்பதற்கு அவசரப்படுதல் கூடாது. தணலில் வாட்டித் தோலுரித்து, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மல்லித்தழை, உப்புச் சேர்த்து மசித்தால் அருமையான துவையல். டார்ஜிலிங், சிக்கிம் பகுதிகளிலும் ஏறக்குறைய இவ்வாறே செய்கின்றனர். பழக்கூழ் செய்வோருக்கு இக்கனி ஒரு கொடை. இயல்பாகவே இறுகும் தன்மை உடையது. நோன்பு நாள்களில் சர்க்கரை சேர்த்துச் சாறாகவும் அருந்தலாம். வெள்ளைச் சட்டையில் பட்டால் மட்டும் கறை போகாது. என் ஜிப்பாக்கள் இரண்டு அதற்குச் சான்று. தால்சாவில் புளிக்குப் பதிலாக இதனைச் சேர்த்தது அம்மாவின் சொந்த முயற்சி. அம்மரத்தின் கனியில் புளிப்பு சற்றுக் குறைவு. எலும்பின் சாரோடும் கத்தரிக்காயோடும் அது முரண்படாமல் கலந்துவிடும்.

2018ஆம் ஆண்டில் அம்மா இறைவனடி சேர்ந்தார்கள். மரம் காய்த்துக்கொண்டே இருந்தது.

2021 நவம்பரில் பெய்த மழையைத் தமிழகம் எளிதில் மறக்காது. எங்கள் பின்வாசலில் நான்கு நாள் நீர் நின்றது. மழை விட்டதும் மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் வாடின. பிறகு மஞ்சளாகி உதிர்ந்தன. தூரைத் தோண்டிப் பார்த்தேன். வேர்கள் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்தது. மரத்தக்காளியின் ஆயுளே பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். இம்மரத்துக்கோ ஒன்பதாண்டு ஆகிவிட்டது. “புதிதாக ஒன்று நடுவோம், இவ்வூரில் நாற்றுக்கா பஞ்சம்?” என்றார் என் துணைவியார். அவர் சொன்னது நியாயமே. எனினும் திண்டுக்கல்லிலிருந்து என் தங்கை தொலைபேசியில், “அண்ணே, அம்மா மரம் போய்விடுமா?” என்று கேட்டபோது என்னால் விடை கூற முடியவில்லை.

விதை எடுத்து நட்டிருக்கலாம். விதை நாற்றில் நச்சுயிரி பெரும்பாலும் தொடர்வதில்லை என்பது அதன் சிறப்பு. ஆயின், தாயின் சுவை அப்படியே பிள்ளைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. போத்து வெட்டி நடும் முறையும் உண்டு. ஓரிரு ஆண்டு முற்றிய கிளையை ஒன்றரை முதல் இரண்டரை அடி நீளத்தில் வெட்டி, இலைகளைக் களைந்து நட்டால் வேர் பிடிக்கும். அவ்வாறு வளர்வது தாழக் கிளைத்துப் புதராகும். என் ஐயம் வேறு. அதே மண், அதே மழை, அதே மென்மையான வேர். மீண்டும் ஒரு நவம்பர் வந்தால் என் செய்வது?

வழி கூறியவர் எங்கள் அண்டையில் தேயிலையும் காய்கறியும் பயிரிடும் படுகர் இனப் பெரியவர் ஒருவர். மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பாய், தலையைக் காப்பாத்தலாம், காலை மாத்துங்க” என்றார். மலைப்பாதையின் ஓரமெங்கும் மண்டிக் கிடக்கும் ஒரு செடியைச் சுட்டினார். சுண்டையின் பெரிய உடன்பிறப்புப் போன்றது. இலையெல்லாம் கம்பளி போன்ற மயிர், ஊதாநிறப் பூ, கொத்துக் கொத்தாய் மஞ்சள் காய். அவர் அதைக் காட்டுச்சுண்டை என்றார். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய அயற்செடியே.

கல்லூரியில் நான் பயின்றது வரலாறு, தாவரவியல் அன்று. ஆகவே சற்றுத் தேடிப் படித்தேன். மரத்தக்காளியைத் தாவர அறிஞர்கள் நெடுங்காலம் தனியொரு பேரினமாக வைத்திருந்து, 1995இல் கத்தரியும் சுண்டையும் அடங்கிய சொலானம் பேரினத்துள் சேர்த்தனர். உறவு நெருங்கியதாக இருந்தால்தான் ஒட்டு கூடும். நியூசிலாந்திலும் இதே காட்டுச்செடியை வேர்ச்செடியாகக் கொண்டு மரத்தக்காளி ஒட்டுவதுண்டு என அறிந்தேன். படிக்கும்போது செவில் நகரத்து இப்னுல் அவ்வாமின் நினைவு வந்தது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்வறிஞர் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் வேளாண் நூலில் ஒட்டுக்கட்டும் கலையை விரிவாக ஆராய்ந்துள்ளார். மரத்தக்காளியை அவர் கண்டிருக்க இயலாது; கடலுக்கு அப்பாலுள்ள அந்நிலமே அன்று அவருலகுக்குத் தெரியாது.

ஆனால் ஒரு தயக்கம் என்னை விடவில்லை. காட்டுச்சுண்டை நம் சோலைக்காடுகளை நெருக்கும் களை. அதன் காய் நச்சுத் தன்மையுடையது. பறவைகள் உண்டு விதையைப் பரப்புகின்றன. இலையின் மயிர்த்துகள் தோலில் அரிப்பையும் தொண்டையில் எரிச்சலையும் உண்டாக்கும். களைந்தெறிய வேண்டியதை வீட்டுக்குள் கொண்டு வரலாமா? பெரியவர் சிரித்தார். “பிடுங்கித்தான் எறியப் போறோம். எறியறதுல அஞ்சு செடிய எடுத்துக்கங்க. தலையை வெட்டிட்டா அது ஏது பூக்கும்?” அவ்வாறே சாலையோரத்தில் களையெடுத்தவற்றுள் பென்சில் பருமனுடைய இளஞ்செடிகளைப் பைகளில் நட்டேன். அவற்றைக் கையாளும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, கையுறையும் அணிந்தேன். பின்பற்ற விரும்புவோர் இதை மறவாதிருப்பார்களாக. பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

2022 பிப்ரவரியில் முதல் முயற்சி. ஐந்து செடிகளில் ஒட்டுக் கட்டினேன், ஐந்தும் கருகின. நுனித்தளிரைப் பசுமையைக் கண்டு மயங்கி வெட்டியது முதற் பிழை; நீர்ச்சத்து மிகுந்த தளிர் இரண்டே நாளில் வாடிவிட்டது. இலையைக் களையாமல் விட்டது இரண்டாம் பிழை. மூன்றாவது, வெட்டிய தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தது.

மார்ச்சில் பெரியவர் அருகிலிருந்து கற்பித்தார். தாய்மரத்தில் வாடாது நின்ற பக்கத்தில், இலையில் தேமல் இல்லாத கிளையைத் தேர்ந்தோம். பச்சை மாறிச் சாம்பல் நிறம் படரத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள பகுதியே ஏற்ற ஒட்டுத்தண்டு. அதில் மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு ஒரு சாணுக்குக் குறைவாக வெட்டி, இலைகளைக் காம்பின் அடி மட்டும் நிற்கும்படி நறுக்கினோம். கத்தியைச் சோப்பு நீரில் கழுவிக் கொதிநீரில் இட்டெடுத்திருந்தேன். வேர்ச்செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டமாக வெட்டி, நடுவே ஓரங்குலத்துக்கு நேராகப் பிளந்தார். ஒட்டுத்தண்டின் அடியை இருபுறமும் சீவி, அதே நீளத்தில் ஆப்புப் போலாக்கினார். ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். தடவித் தடவிச் சீவினால் முகம் மேடுபள்ளமாகி ஒட்டாது. பின்பு ஆப்பைப் பிளவில் செருகினார்.

இவ்விடத்தில்தான் முழு வித்தையும் உள்ளது. மேற்பட்டைக்கும் உட்கட்டைக்கும் நடுவே மெல்லிய பசிய படலம் ஒன்றுண்டு. வளர்ச்சி நிகழ்வது அதில்தான். மேலுள்ளதன் படலமும் கீழுள்ளதன் படலமும் ஒன்றையொன்று தொட வேண்டும். மரத்தக்காளித் தண்டின் நடுப்பகுதி சோறு போன்று மென்மையானது. நடுவுக்கு நடு பொருந்தியதால் பயனில்லை. இரு தண்டுகளும் ஒரே பருமனாய் அமையாவிடில், ஒரு புறத்து விளிம்பேனும் சரியாக இணையுமாறு ஒதுக்கி வைக்க வேண்டும். நான் முதல்முறை அழகாக நடுவில் வைத்திருந்தேன்!

பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுகச் சுற்றி, ஒட்டுத்தண்டின் நுனி வெட்டில் மெழுகு தடவி, முழுவதையும் மெல்லிய பாலிதீன் பையால் மூடிக் கட்டினோம். வெயில் படாத திண்ணையில் வைத்தேன். மண்ணுக்கு ஈரம், அளவோடு. காம்பின் மிச்சங்கள் சில நாளில் தாமே உதிர்ந்தன. அது நற்குறி என்றார் பெரியவர். கருகி ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் கவலை. மூன்றாம் வாரத்தில் ஒரு கணுவில் அரிசியளவு பச்சை தெரிந்தது. ஃபஜ்ருக்குப் பிறகு விளக்கோடு சென்று அதைப் பார்த்த என்னை என் மகள் கேலி செய்தாள். ஐந்தில் இரண்டு பிழைத்தன. பையை ஒரேயடியாக நீக்காமல், நாளொரு துளையாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கினேன். நாடாவை இரண்டு மாதங் கழித்து அறுத்தேன்; அதை மறந்துவிட்டால் தண்டு பருக்கும்போது நாடா உள்ளே வெட்டிவிடும்.

ஜூன் மாதக் காற்றில் தாய்மரம் சாய்ந்தது. அதற்குள் அதில் இலையென்று ஒன்றுமில்லை.

ஒட்டு மரத்தைப் பழைய இடத்தில் நடவில்லை. நாலடி தள்ளி, மண்ணை ஓரடி உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் வெட்டி நட்டேன். இம்முறை நுனியைக் கிள்ளவும் செய்தேன். ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுச்சுண்டை ஓயாமல் துளிர்க்கிறது. அதை விட்டுவைத்தால் ஓராண்டில் மேலுள்ளதை அமுக்கிவிட்டு, தான் பூத்துக் காய்த்து ஊரெங்கும் விதை பரப்பும். ஆகவே வெள்ளிதோறும் குத்பாவுக்குப் புறப்படுமுன் அத்துளிர்களைக் கிள்ளியெறிவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இக்கடமையை ஒழுங்காகச் செய்ய இயலாதோர் இவ்வேர்ச்செடியை நாடாதிருப்பதே நல்லது. அவர்களுக்கு விதை நாற்றே போதும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் முதற் கனிகள் பழுத்தன. பதினொன்று. தால்சாவில் இட்டுச் சுவைத்த என் துணைவியார், “மாமியின் கைப்பக்குவம் இல்லை, பழம் அதே பழம்தான்” என்று தீர்ப்பளித்தார்.

பிழைத்த மற்றொரு செடி என் தங்கைக்குப் போயிற்று. இங்கே சமவெளி வாசகர்களுக்கு ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். மரத்தக்காளிக்குக் குளிர்ந்த இரவுகள் தேவை. மேலப்பாளையத்திலோ ஆம்பூரிலோ கீழக்கரையிலோ செடி வளரலாம், காய் பிடிக்காது. அழகிய படத்தைக் காட்டி நாற்று விற்போரிடம் காசை இழக்க வேண்டாம். மிகுந்த குளிரும் ஆகாது. உதகையில் டிசம்பர், ஜனவரி உறைபனி இளஞ்செடியைக் கருக்கிவிடும், இரவில் சாக்கால் மூட வேண்டும். இலங்கையின் நுவரெலியா போன்ற மலைப்பகுதிச் சகோதரர்கள் தாராளமாக வளர்க்கலாம். ஒட்டுக் கலையில் ஆர்வமுள்ள சமவெளி அன்பர்களோ, நம் ஊர்ச் சுண்டைச் செடியின் மேல் கத்தரியை ஒட்டிப் பார்க்கலாம்; மேற்சொன்ன அதே ஆப்பு முறைதான். சுண்டையின் வேர் வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்குவதால் வேளாண் துறையினரே இதனைப் பரிந்துரைக்கின்றனர். வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2021இல் ஒரே கத்தரி வேரில் கத்தரியையும் தக்காளியையும் ஒருங்கே காய்க்கச் செய்து காட்டினர். மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்போருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டோ?

இவையெல்லாம் தங்கையிடம் கூறினேன். “காய்க்காது, வேண்டாம்” என்றேன். “காய்க்காவிட்டால் என்ன அண்ணே, இலை இருக்குமல்லவா?” என்றாள். திண்டுக்கல்லில் அவள் வீட்டு முற்றத்தில், சாயாத நிழலில், பெரிய மண்தொட்டியில் அது நிற்கிறது. கோடையில் பாதி உதிர்ந்து, மழைக்குத் துளிர்க்கிறது. இருமுறை பூத்தது, பூக்கள் உதிர்ந்துவிட்டன. கீழ்த்துளிர் கிள்ளும் கடமையை மட்டும் அவளுக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறேன். பழுக்கும் பருவத்தில் இங்கிருந்து ஓர் அட்டைப்பெட்டியில் வைக்கோல் இட்டு, காம்போடு பறித்த கனிகளைப் பேருந்தில் அனுப்புகிறேன். காம்பு நீங்காதிருந்தால் ஒரு வாரத்துக்குக் கெடுவதில்லை. சென்ற முறை பெட்டி சேர்ந்ததும் அவள் தொலைபேசியில் கேட்டது ஒன்றே: தால்சாவுக்கு எத்தனை பழம், தோலை உரித்தா, உரிக்காமலா?